பூச்சி தொடாத செடி

அன்னக்குட்டியின் பால்கனியில் ஒரு செடி பிழைத்ததாகச் சரித்திரமே கிடையாது. எர்ணாகுளத்தில், தேவரா பக்கம், ஏழாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. மத்தியானம் சாய்ந்ததும் வெயில் உள்ளே வந்து கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும், அந்தி வரை எழுந்திருக்காது. காயலிலிருந்து வரும் காற்றோ உப்பையும் சேர்த்துக்கொண்டு வரும். அங்கே வைத்த துணி காயும், மோரில் ஊறிய மிளகாய்க் கொண்டாட்டம் காயும், வற்றல் காயும். செடியும் காயும்.

ரோஜா வைத்தாள். வாங்கும்போது இருந்த மொட்டுகள் மரியாதைக்கு விரிந்தன, அதோடு சரி. ஆந்தூரியத்தின் இலை வாட்டிய வாழையிலையாயிற்று. செம்பருத்தி மட்டும் கொஞ்சம் தலையெடுத்தது, பூவும் விட்டது. ஒருநாள் காலையில் இலைக்காம்பின் இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சியைக் கண்டாள். அவ்வளவுதான், செடியை வேரோடு பிடுங்கிக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டிக் கீழே குப்பைக்கு அனுப்பிவிட்டுத்தான் காப்பி குடித்தாள். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி அடித்தால் போய்விடும் என்று அவள் புருஷன் வக்கச்சன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒன்றுக்கு வந்தால் ஒன்பதுக்கும் வரும் என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

அது அவள் சுபாவம். அரிசியில் ஒரு வண்டு தெரிந்தால் சாக்கோடு போகும். கோப்பையின் விளிம்பு துளி சிதைந்தால் அன்றைக்கே அதற்கு விடை. வக்கச்சன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எத்தனையோ டன் சரக்கைப் பதறாமல் தூக்கி இறக்கிய மனிதர், வீட்டில் பொண்டாட்டி தூக்கி எறிகிற எதையும் தடுக்க முடியாமல் இருந்தார்.

மகன் டிஜோவின் கல்யாண விஷயத்திலும் அன்னக்குட்டி இதையேதான் செய்தாள். ஒரு பெண்ணின் தம்பி குடிப்பானாம், வேண்டாம். ஒருத்தியின் வீட்டில் ஏதோ சொத்து வழக்காம், வேண்டாம். திருச்சூர்ப் பக்கத்தில் ஒரு நல்ல பெண், டீச்சர், பார்க்கவும் லட்சணம். அவளுடைய சித்திக்கு ஆஸ்துமா என்று யாரோ சொன்னார்கள். சித்திக்கு மூச்சு வாங்கினால் இவளுக்கென்ன? அதையும் கட்டிக் கறுப்புப் பையில் போட்டாள். இப்படி ஒவ்வொன்றாக எறிந்து எறிந்து, பையனுக்கு முப்பத்து மூன்றாகி முன்நெற்றியும் அகலமாகிவிட்டது. பிறகு பெண் வீட்டார் இவர்களை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார்கள். அப்போதுதான் அன்னக்குட்டிக்குப் பயம் வந்தது.

கடைசியில் காஞ்சிரப்பள்ளியிலிருந்து மெரினின் வரன் வந்தது. அப்பா மத்தாயிச்சன், அம்மா செலின், ரப்பர் தோட்டம், பழைய ஓட்டு வீடு. பெண் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். பெண் பார்க்கப் போன அன்று டிஜோவும் மெரினும் கார் ஷெட்டுப் பக்கம் நின்று பேசினார்கள். வழக்கமாகப் போன வேகத்தில் திரும்பிவிடுகிற பையன், கொண்டுவைத்த காப்பி ஏடு படிந்து போகும்வரை அன்றைக்குத் திரும்பவில்லை. வந்தபோது முகம் என்னவோ மாதிரி இருந்தது, ஆனால் சந்தோஷமான என்னவோ. திரும்பி வரும் வழியெல்லாம் காரில் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தான். அன்னக்குட்டிக்கு அது போதும். இந்தப் பெண்ணை விடுவதில்லை என்று பாலம் தாண்டுவதற்குள் தீர்மானித்துவிட்டாள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது செலின் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டிருந்தாள். மெரினுக்குச் செடி இல்லாமல் முடியாது, ஃபிளாட்டில் செடி வைக்க இடம் உண்டா என்று. அன்னக்குட்டி யோசிக்கவே இல்லை. பால்கனி நிறையச் செடிதான் என்று சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் அவள் பால்கனியில் இருந்தது எட்டுப் பத்துத் தொட்டி வெறும் மண்ணும், துணி காயப்போடும் ஸ்டாண்டும். வக்கச்சன் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை மறைக்க அன்னக்குட்டி ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்து, மதிலோரம் மண் புதிதாகக் கிளறிக் கிடக்கிறதே, ஏதாவது நடப்போகிறீர்களா என்று கேட்டாள். செலின் அவசரமாகப் பலகாரத் தட்டை நீட்டினாள்.

அடுத்தது வீடு காணல். பெண் வீட்டுப் பெரியவர்கள் பையனின் வீட்டைப் பார்க்க வருவார்கள், பெண் வரமாட்டாள். அது நல்லபடியாக முடிந்தால் தேவாலயத்தில் நிச்சயம் செய்கிற மனஸம்மதம், அப்புறம் கல்யாணம். வீடு காணலில் அறுந்துபோன சம்பந்தங்கள் எத்தனை என்று அன்னக்குட்டிக்குத் தெரியும். இரண்டை அவளே அறுத்திருக்கிறாள். சொன்ன பொய்யை அதற்குள் மெய்யாக்கியாக வேண்டும்.

வைற்றிலையில் ஒரு நர்சரிக்குப் புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். வெயில் தாங்க வேண்டும், உப்புக் காற்று தாங்க வேண்டும், தண்ணீர் மறந்தால் கோபிக்கக் கூடாது, பூச்சி அண்டக் கூடாது, பூவும் பூக்க வேண்டும் என்றாள். கடைக்காரர், இவ்வளவு குணமும் உள்ள மருமகளே கிடைப்பது கஷ்டமாயிற்றே என்றார். வக்கச்சனுக்குச் சிரிப்பு வந்து, பக்கத்திலிருந்த பனைச்செடியை ஆராய ஆரம்பித்தார்.

கடைக்காரர் முதலில் மருளைக் காட்டினார். வாள் மாதிரி நிற்கும் இலை, பூச்சியும் வராது, சாகவும் சாகாது. இதற்கு மாமியார் நாக்கு என்று ஒரு பெயர் உண்டு என்று சும்மா இராமல் சொல்லிவைத்தார். மாமியாராகப் போகிற நேரத்தில் அன்னக்குட்டி அதைத் தொடுவாளா? காகிதப்பூ நல்ல உறுதி, ஆனால் சருகெல்லாம் ஆறாவது மாடிக்காரி காயப்போட்ட துணிமேல் விழும், அவளோடு ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லை. பத்துமணிப் பூ வெயிலை விருந்தாகச் சாப்பிடும், ஆனால் மத்தியானம் தாண்டினால் மூடிக்கொள்ளும். வருகிறவர்கள் எப்போது வருவார்களோ, கதவைச் சாத்திக்கொண்ட பூவையா காட்டுவது? அரளி விஷம். கடைசியாக, யேசுவின் முள்முடி என்று சொல்லும் செடி, சின்னச் சின்னச் சிவப்புப் பூவோடு அழகாகத்தான் இருந்தது. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டு வாசலில் முள்முடியா என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்பினாள்.

அந்த வாரக் கடைசியில் டிஜோ ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே எட்டுக் கன்றுகள். தடித்துப் பளபளக்கும் இலை, ஒன்றிரண்டில் பூ. வெள்ளைக் கண் வைத்த ரத்தச் சிவப்பு, சிவப்புக் கண் வைத்த வெள்ளை, இன்னொன்று பழுத்த கொய்யாவின் உட்புறம்போல் ஒரு நிறம். ஐந்து இதழும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தட்டையாக, ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தது. பெயர் வின்கா என்றான். பெங்களூர் ரகம், தினம் தண்ணீர் வேண்டாம், ஊற்றினால்தான் கெடும், மண்ணில் பாதி மணல் போட வேண்டும், பூச்சி கிட்டவே வராது. இவனுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்? யார் சொன்னார்கள் என்று கேட்டாள். விசாரித்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

அன்னக்குட்டி நட்டாள். வக்கச்சன் மணலையும் தேங்காய் நார்த்தூளையும் கலந்து கொடுத்தார். நடும்போது அவளுக்கு ஓர் அரிப்பு. இந்த இலையை எங்கேயோ பார்த்திருக்கிறேன், எங்கே என்று தெரியவில்லை என்று சொன்னாள். வக்கச்சன் காயலில் போகிற படகைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் எல்லா இலையும் பச்சைதானே என்றார்.

வீடு காணல் தள்ளிப்போனது. மத்தாயிச்சன் தோட்டத்தில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார். அவர் எழுந்து நடப்பதற்குள் ஈஸ்டர் நோன்பு தொடங்கிவிட்டது. நோன்பில் கல்யாணக் காரியம் எதுவும் கிடையாது. ஆகவே ஈஸ்டர் கழிந்து அடுத்த ஞாயிறு என்று முடிவாயிற்று. அன்னக்குட்டிக்குத் திக்கென்றது. அவள் கையில் ஒரு செடி அவ்வளவு நாள் இருந்ததே இல்லை.

மார்ச் மாத வெயில் வந்தது. பால்கனித் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தச் செடிகள் அசையவில்லை. அன்னக்குட்டி காலையில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் பார்ப்பாள். மாவுப்பூச்சி இல்லை, அசுவினி இல்லை, செம்பேன் இல்லை. ஒரு கம்பளிப்பூச்சி எங்கிருந்தோ ஏழு மாடி ஏறி வந்து, ஓர் இலையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கம்பிவழியே திரும்பிப் போனதை அவளே பார்த்தாள். அதைப் பக்கத்து ஃபிளாட்டுக்காரியிடம் ஒருமுறையும், அக்காவிடம் போனில் இரண்டு முறையும் சொன்னாள்.

புனித வாரத்துக்குச் சங்கனாச்சேரியில் வக்கச்சனின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். டிஜோவுக்கும் அலுவலக வேலையாகச் சென்னைப் பயணம். தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. அன்னக்குட்டி அங்கே பாடுகளின் பிரார்த்தனைக்கு முட்டி போட்டிருந்தபோதும் மனசு பால்கனியில்தான் கிடந்தது. ஈஸ்டர் சாயங்காலம் திரும்பி வந்ததும் அவள் பால்கனிப் பக்கமே போகாமல் புருஷனை அனுப்பினாள். செத்துப்போயிருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம், கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள் என்றாள். வக்கச்சன் போனார். பால்கனிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, வந்து பார் என்று கூப்பிட்டார்.

எட்டுத் தொட்டியும் பூவாக இருந்தது. இலை ஓரம் கொஞ்சம் சுருண்டிருந்தது, அவ்வளவே. அன்னக்குட்டி அங்கேயே துணி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனக்கும் ஒன்று பிழைக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது, தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மத்தாயிச்சன், செலின், மத்தாயிச்சனுக்கு ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி ரோசிலி, இருபத்தைந்து வருஷம் பம்பாயில் இருந்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பியவள். இந்த மூன்றாவது ஆள்தான் வீடு காணலின் கண். ரோசிலி லிப்ட் ஏறி வரும்போதே அது ஆடுகிறதா என்று கவனித்தாள், குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள், சமையலறை அலமாரியின் கதவைத் தற்செயலாகச் சாய்ந்ததுபோல் சாய்ந்து திறந்துவிட்டாள். அன்னக்குட்டி சிரித்த முகத்தை இறக்காமல் பின்னாலேயே போனாள். அடுப்பில் வாத்தை மசாலா போட்டு வறுத்த தாராவு ரோஸ்டும், மேசையில் கட்லெட்டும் வட்டயப்பமும் தயாராக இருந்தன. செலின் மட்டும் எதையும் பார்க்கவில்லை. சோபா நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். வீடு பிடிக்கவில்லையோ என்று அன்னக்குட்டிக்குக் கவலை.

துருப்புச் சீட்டை இறக்கிவிடலாம் என்று எல்லோரையும் பால்கனிக்கு அழைத்துப் போனாள். வின்கா, பெங்களூர் ரகம், டிஜோதான் வாங்கி வந்தான், பூச்சி என்ற பேச்சே கிடையாது என்று அடுக்கினாள். செலின் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பூக்களைப் பார்த்தவள் முகம் வெளிறியது. மத்தாயிச்சன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அன்னக்குட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ரோசிலி குனிந்தாள். கடைசித் தொட்டிக்குப் பின்னால், மழைத்தண்ணீர் போகிற ஓட்டையின் ஓரத்தில், சிமெண்ட் விரிசலில் ஒரு சின்னச் செடி தானாக முளைத்து நின்றது. தொட்டிச் செடியின் விதை விழுந்து முளைத்தது. ஆனால் பெங்களூர் நிறமெல்லாம் அதற்கு வரவில்லை. ஒரே ஒரு பூ, வெளிர் ஊதா, ஒல்லி இதழ். தாய்ச்செடியின் ரகத்தையெல்லாம் விட்டுவிட்டுப் பூர்வீகத்துக்கே போய்விட்டது. அந்தப் பூவைக் கண்டதும் அன்னக்குட்டிக்கு இத்தனை மாதமாக அரித்துக்கொண்டிருந்த இலை எங்கே பார்த்த இலை என்று தெரிந்துபோயிற்று. கல்லறைத் தோட்டத்தில். தன்னைப் பெற்ற அப்பச்சனைப் புதைத்த மண்மேடு ஓரத்தில். அம்மச்சியைப் புதைத்த இடத்திலும்.

"அய்யோ, இது சவம்நாறி இல்லையா?" என்றாள் ரோசிலி.

கீழே எங்கோ ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது.

சவம்நாறி. சவக்கோட்டைப் பச்சை என்றும் சொல்வார்கள். ஆடு கடிக்காது, பூச்சி தொடாது, யாரும் தண்ணீர் ஊற்றாமலே செத்தவர்களின் தலைமாட்டில் வருஷம் முழுக்கப் பூத்துக் கிடக்கும். அதை எட்டுத் தொட்டியில் வைத்து, சம்பந்தம் பேச வந்தவர்களைக் கூட்டி வந்து பெருமையாகக் காட்டியிருக்கிறாள். அன்னக்குட்டிக்குத் தரை பிளந்து ஆறாவது மாடிக்காரியின் வீட்டில் விழுந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. வக்கச்சன், அதற்கு நித்தியகல்யாணி என்றும் ஒரு பெயர் இருக்கிறதே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கல்யாணம் பேசுகிற வீட்டில் கல்லறைத் தோட்டத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வேறு பெயர் சொன்னால் ஆயிற்றா என்று ரோசிலி கேட்டாள். நல்ல சகுனமாகப் படவில்லை என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அறுந்தது என்று அன்னக்குட்டி நினைத்தாள். எல்லாம் போயிற்று. டிஜோவின் பாட்டும் போயிற்று.

அப்போது செலின் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் இல்லை, வாய்விட்டே அழுதாள். வந்து அந்தத் தொட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, ஓர் இலையை விரலால் நீவினாள். மத்தாயிச்சன் வேண்டாம் என்பதுபோல் அவள் தோளைத் தொட்டார். அவள் அந்தக் கையை விலக்கினாள்.

"இல்லங்க, நான் சொல்லிடுறேன். இதுக்கு மேல என்னால மறைக்க முடியாது," என்றாள். பிறகு அன்னக்குட்டியை நிமிர்ந்து பார்த்தாள். "சேச்சி, எங்க மெரினுக்கு ஆறு வயசுல ரத்தப் புற்று வந்துச்சு. திருவனந்தபுரத்துல ரெண்டு வருஷத்துக்கு மேல வைத்தியம். அவ கையில ஏத்தின மருந்து இந்தச் செடியிலேருந்து எடுக்கிறதுன்னு டாக்டர் சொன்னார். இதைப் பூச்சி ஏன் தொடாது தெரியுமா? இதோட பால் அவ்வளவு விஷம். அந்த விஷம்தான் என் குழந்தையை எனக்குத் திருப்பிக் குடுத்தது."

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்த வாரமே மத்தாயிச்சன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஒரு கூடைச் செடியைப் பிடுங்கி வந்து முற்றத்தில் மதிலோரம் நட்டாராம். ஊரே சிரித்ததாம். அதிலிருந்து அவர்கள் முற்றத்தில் அதுதான் பூ. மெரின் அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்ந்தாள். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் விஷயத்தைச் சொன்ன மூன்று சம்பந்தமும் சொன்ன நாளோடு நின்றது. இந்த முறை சொல்ல வேண்டாம், வீடு காணல் முடியட்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள்.

"நீங்க பொண்ணு பார்க்க வர்றதுக்கு முந்தின நாள் மதிலோரச் செடியை எல்லாம் பிடுங்கிட்டோம், சேச்சி. யாராவது ஏன் இந்தச் செடின்னு கேட்டா என்ன சொல்றதுன்னு. மெரின் அன்னைக்கு எங்களோட பேசவே இல்ல."

கிளறிக் கிடந்த மண் அன்னக்குட்டியின் கண்முன் வந்தது. பொய்க்காக இவள் செடி வைத்தாள், பொய்க்காக அவர்கள் செடியைப் பிடுங்கினார்கள். இரண்டும் ஒரே செடி.

அதுவரை கதவருகே நின்றிருந்த டிஜோ வாயைத் திறந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான். "மெரின் முதல் நாளே கார் ஷெட்டுக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. நான் சொல்றது அப்பா அம்மாவுக்குத் தெரியாது, ஆனா நான் மறைக்க மாட்டேன்னு சொன்னா. எங்க பால்கனியில என்ன செடி பிழைக்கும்னு அவகிட்டதான் கேட்டேன். அவ சொன்னதுதான் இது."

செலின் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்னக்குட்டி மகனைப் பார்த்தாள்.

"முதல் நாளே தெரியும். என்கிட்ட ஏண்டா சொல்லல?"

அப்பாவைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பயம், அம்மச்சி. நீங்க ஒரு பூச்சியைக் கண்டா செடியோட தூக்கிப் போடுறவங்க. முதல்ல செடி உங்களுக்குப் பிடிக்கட்டும்னு நெனச்சேன்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அன்னக்குட்டியும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பாள். சாதாரணமாக, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். அதுதான் நெஞ்சில் இறங்கியது. அவள் வக்கச்சனிடம் திரும்பி, உங்களுக்கும் இது இன்ன செடி என்று தெரியுமா என்று கேட்டாள். வந்த அன்றே தெரியும் என்றார் அவர். உயிரோடு இருந்தது, அதனால் சொல்லவில்லை என்றார்.

ஆக, சொந்த வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகளும் இவளிடமிருந்து எட்டுத் தொட்டியை ஒளித்து வளர்த்திருக்கிறார்கள், அதுவும் இவள் கண்ணெதிரிலேயே. அன்னக்குட்டிக்கு அந்தச் செம்பருத்தி நினைவு வந்தது. அதில் அன்றைக்கு நாலைந்து மொட்டு இருந்தது. வேப்பெண்ணெய் பாட்டில் சமையலறையில்தான் இருந்தது, மூடிகூடத் திறக்கவில்லை. ஆஸ்துமாக்காரச் சித்தியும் நினைவுக்கு வந்தாள், முகம் தெரியாத சித்தி. வெட்கமாக இருந்தது அவளுக்கு. இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

விடுவிடென்று உள்ளே போனாள்.

ரோசிலி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்போ கிளம்பலாம் என்றாள். மத்தாயிச்சன் மனைவியை எழுப்பக் கைகொடுத்தார். டிஜோ கம்பியைப் பிடித்துக்கொண்டு காயலைப் பார்த்து நின்றான். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

அன்னக்குட்டி ஒரு பழைய இரும்புக் கரண்டியோடு வந்தாள். நேரே கடைசித் தொட்டியை நகர்த்திவிட்டு விரிசல் முன்னால் முட்டி போட்டாள். அதைப் பிடுங்கித் தூரப் போடுவதுதான் சரி என்றாள் ரோசிலி. அன்னக்குட்டிக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கரண்டி நுனியால் சிமெண்ட் விரிசலை மெல்ல நெம்பி, வேர் அறாமல், ஒட்டியிருந்த பிடி மண்ணோடு அந்தச் சின்னச் செடியை எடுத்தாள். செம்பருத்தி போனதிலிருந்து சும்மா கிடந்த தொட்டியை இழுத்துக் குழி பறித்து அதை உள்ளே வைத்தாள்.

"செலினே, தண்டை நேராப் பிடி. நான் மண் போடுறேன்," என்றாள்.

செலின் பிடித்தாள். அன்னக்குட்டி மண்ணை அணைத்து விரலால் அழுத்தினாள். இரண்டு பேர் கையிலும் மண். செலின் மெதுவாக, நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்கிற பிடிவாதத்தோடு சொன்னாள்.

"டாக்டர் எல்லாம் சரியாயிடுச்சுன்னுதான் சொல்றார். ஆனா நாளைக்கு ஒண்ணும் வராதுன்னு நான் எப்படி சேச்சி சொல்ல முடியும்?"

"என்னைக் கட்டிக் குடுக்கும்போது எனக்கு என்ன வரும்னு எங்க அம்மச்சி எழுதியா குடுத்தா?" என்றாள் அன்னக்குட்டி. "வந்தா பார்த்துக்கலாம். வைத்தியம் இருக்கு. நாங்க இருக்கோம். தூக்கிப் போடுறதுக்கு அவ என்ன தொட்டிச் செடியா?" சொல்லிவிட்டுக் கையில் இருந்த செடியைப் பார்த்தாள். "இனிமே தொட்டிச் செடியையும் போடுறதா இல்ல."

வக்கச்சன் அந்தப் பக்கமாகத் திரும்பி மூக்கைச் சிந்தினார். டிஜோ வந்து அம்மாவின் அருகே உட்கார்ந்தான், தொட்டியின் விளிம்பில் சிந்திய மண்ணைக் கூட்டி உள்ளே போட்டான். அவன் முன்நெற்றியில் ஒரு குட்டு வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சாப்பாட்டைச் சூடு பண்ணச் சொன்னாள் அன்னக்குட்டி. கையெல்லாம் மண்ணாக இருந்ததால் அவன் நெற்றியிலும் மண் ஒட்டியது. நெற்றியில் சாம்பல் பூசுகிற விபூதி நாள் போய் மாசக்கணக்காச்சே, என்னப்பா இது என்று ரோசிலிகூடக் கேட்டாள்.

பிறகு சாப்பிட்டார்கள். தாராவு இரண்டாம் முறை சூடு காட்டியதில் கொஞ்சம் முறுகிவிட்டது. மத்தாயிச்சன் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். நோன்புக்கு முன்னாலிருந்தே இப்படிப் பசி எடுத்ததில்லை என்றார். மனஸம்மதத்துக்கு நாள் பேச்சு வந்தது. தேவாலயத்தில் பாதிரியார் பையனிடமும் பெண்ணிடமும்தான் சம்மதம் கேட்பார், தன்னிடம் யாரும் கேட்கப் போவதில்லை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், சம்மதம் என்று பரிமாறிக்கொண்டே சொன்னாள் அன்னக்குட்டி. ரோசிலி கிளம்பும் முன் பால்கனிக்கு ஒருமுறை தனியாகப் போய் வந்தாள். அந்தக் கொய்யாப்பழ நிறத்தில் ரெண்டு விதை கிடைக்குமா என்று வக்கச்சனிடம் ரகசியமாகக் கேட்டாளாம்.

லிப்ட் வரக் காத்திருந்தபோது அன்னக்குட்டி செலினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மதிலோரத்துல பிடுங்கினீங்களே, அங்க மறுபடி நட்டுடு. மனஸம்மதத்துக்கு நாங்க வரும்போது அது பூத்திருக்கணும். யாராவது என்ன செடின்னு கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

செலின் அழுத முகத்தோடு சிரித்தாள்.

"யாரு நடணும், சேச்சி? பிடுங்கின மாசமே அது தானா முளைச்சு நிக்குது. மெரின் தினமும் தண்ணி ஊத்திட்டிருக்கா."